மஞ்சக்குப்பத்து மாடி வகுப்பு: ஊர் மாறிவரும் படைவீரர் பிள்ளைகளுக்கு ஓர் இடம்

கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு வீட்டின் மாடியில், ஓய்வுபெற்ற தமிழாசிரியை ஒருவரும் அவருடைய கணவரும் சேர்ந்து ஒரு மாலை வகுப்பு நடத்துகிறார்கள். கணவர் இராணுவக் கல்விப் படையில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். மத்தியப் பிரதேசத்திலுள்ள பச்மடியில் பயிற்சி பெற்று, படைப்பிரிவுகளில் சிப்பாய்களுக்கு மொழியும் கணக்கும் சொல்லிக்கொடுத்தவர். வாசலில் பெயர்ப்பலகை கிடையாது. வேறு மாநிலங்களிலிருந்து கடலூருக்கோ புதுச்சேரிக்கோ வந்து சேரும் படைவீரர் குடும்பத்துப் பிள்ளைகளை மட்டுமே சேர்த்துக்கொள்கிறார்கள். ஒரே நேரத்தில் 12 பேருக்கு மேல் எடுப்பதில்லை. என் மகளும் மகனும் 20 மாதங்களாக அங்கே போய்வருகிறார்கள். விளம்பரம் வேண்டாம் என்று அவர்கள் கேட்டுக்கொண்டதால், பெயரையும் முகவரியையும் தவிர்த்துவிட்டு, அந்த வகுப்பு எதை நன்றாகச் செய்கிறது, எதைச் செய்ய இயலவில்லை என்பதை எழுதுகிறேன். கடலூரிலுள்ள முன்னாள் படைவீரர் குடும்பங்களில் விசாரித்தால் யாரேனும் ஒருவர் வழி சொல்லிவிடுவார்.

என் கணவர் தரைப்படையில் நாயப் சுபேதார். பபினா, ஜோத்பூர், செகந்திராபாத் என்று மாறி மாறி இருந்ததில், மகள் ஆறாம் வகுப்பை முடிப்பதற்குள் மூன்று பள்ளிகளைப் பார்த்துவிட்டாள். மூன்றும் கேந்திரிய வித்யாலயாக்கள் என்பதால், அப்போதெல்லாம் பள்ளி மாற்றம் எங்களுக்கு ஒரு பெரிய துன்பமாகத் தெரியவில்லை. அந்தப் பள்ளிகளின் தோற்றமே இடமாற்றத்தை ஒட்டியதுதான்: 1963-64-இல், படைப்பிரிவுகள் நடத்திவந்த 20 பள்ளிகளை மத்திய அரசு ஏற்றுக்கொண்டு இத்திட்டத்தைத் தொடங்கியது. ஒரு கேந்திரிய வித்யாலயாவின் மாற்றுச் சான்றிதழோடு, தந்தையின் பணிமாற்றத்தை ஒட்டி இன்னோர் ஊருக்குப் போனால், அங்குள்ள கேந்திரிய வித்யாலயாவில் பிள்ளைக்கு இடம் கிடைத்துவிடும். பாடநூல் அதுவே, சீருடை அதுவே, காலை வழிபாடும் அதுவே. சன்னலுக்கு வெளியே தெரியும் மரங்கள் மட்டும் மாறும்.

இந்தத் தொடர் அறுந்தது, கணவருக்கு அருணாசலப் பிரதேசத்தில் எல்லைப் பணி வந்தபோது. குடும்பத்தை அழைத்துச் செல்ல முடியாத இடம் அது. குவார்ட்டர்ஸைக் காலி செய்து, கறுப்பு டிரங்குப் பெட்டிகளைப் பூட்டி, பிள்ளைகளோடு கடலூரில் மாமனார் வீட்டுக்கு வந்தேன். புதுச்சேரியில் ஜிப்மர் வளாகத்திலும் காலாப்பட்டில் பல்கலைக்கழக வளாகத்திலும் கேந்திரிய வித்யாலயாக்கள் உண்டு. ஆனால் புதுச்சேரி கடலூரிலிருந்து சுமார் 25 கிலோமீட்டர்; அதன்பின் நகரத்தைக் கடந்துபோக வேண்டும். இரண்டாம் வகுப்புக்குப் போகவிருந்த மகனை நாள்தோறும் அப்படி அனுப்ப மனம் வரவில்லை. மாமனாருக்குக் கண் அறுவைச் சிகிச்சை நடந்திருந்ததால், புதுச்சேரியில் தனியாக வீடு பார்க்கவும் இயலவில்லை. எனவே கடலூரிலேயே மாநிலப் பாடத்திட்டத்தில் நடக்கும் ஒரு தனியார் பள்ளியை அணுகினேன்.

அங்கே மகளுக்கு ஒரு நுழைவுத் தேர்வு வைத்தார்கள். கணக்கிலும் ஆங்கிலத்திலும் அவள் நன்றாகவே எழுதினாள். தமிழ்த்தாளை மட்டும் வெறுமையாகக் கொடுத்தாள். வீட்டில் நாள் முழுவதும் தமிழ் பேசுகிறவள், பாட்டியிடம் தொலைபேசியில் மணிக்கணக்கில் கதை அளக்கிறவள், தமிழில் தன் பெயரைக்கூட எழுதத் தெரியாமல் அந்த மேசையின் முன் நின்றாள். அவள் படித்த பள்ளிகளில் மொழிப் பாடங்கள் இந்தியும் ஆங்கிலமும் சமஸ்கிருதமுமே. வீட்டில் நானாவது சொல்லிக்கொடுத்திருக்க வேண்டும் என்பது உண்மைதான். இரண்டாண்டுக்கு ஒருமுறை வீட்டைக் கட்டி அவிழ்ப்பதில் அது ஒத்திப்போய்க்கொண்டே இருந்தது. 'தமிழே வரவில்லை, மறுபடியும் ஆறாம் வகுப்பிலேயே உட்காரட்டும்' என்று அந்தப் பள்ளியில் சொன்னார்கள். போதாதற்கு, வடக்கிலிருந்து வர வேண்டிய மாற்றுச் சான்றிதழும் வரவில்லை. அது வரும்வரை எந்த வகுப்பிலும் சேர்க்க முடியாது என்றார்கள். அன்று இரவு மகள் சாப்பிடவில்லை.

என் மாமனாரின் நண்பர் ஒருவர், அவரும் முன்னாள் படைவீரர், எங்களை மறுநாள் அந்த மாடி வகுப்புக்கு அழைத்துப்போனார்.

நான் மதிப்பெண் அட்டைகளை எடுத்து நீட்டினேன். ஹவில்தார் ஐயா அவற்றை வாங்கிப் பக்கத்தில் வைத்துவிட்டு, 'பழைய நோட்டுப் புத்தகங்கள் இருக்கிறதா அம்மா?' என்று கேட்டார். அவை டிரங்குப் பெட்டியின் அடியில் இருந்தன. மறுநாள் ஒரு கட்டாக எடுத்துப்போனேன். இரண்டு மணி நேரம் அவர் ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். இடையிடையே மகளிடம், 'இதை எப்படிப் போட்டாய், எனக்குச் சொல்லிக் கொடு' என்று கேட்டார். பிறகு ஒரு தாளில் மூன்று பத்திகள் வரைந்தார். முதல் பத்தியில் அவளுக்குத் தெரிந்தவை, இரண்டாவதில் பாதி தெரிந்தவை, மூன்றாவதில் இன்னும் யாரும் அவளுக்குச் சொல்லித்தராதவை. மூன்றாவது பத்திக்கு 'தெரியாதவை' என்று தலைப்பிட அவர் ஒப்பவில்லை. 'தெரியாதது வேறு, சொல்லித்தராதது வேறு அம்மா. பள்ளிக்கூடத்தில் இரண்டையும் ஒன்றாக்கிவிடுகிறார்கள், பிள்ளையும் அதை நம்பிவிடுகிறது' என்றார். இந்த வகுப்பைப் பற்றி நான் எழுதத் துணிந்ததற்கு அந்தத் தாள்தான் காரணம். இரண்டு நாள் முன்பு மக்குப் பிள்ளைபோல் நிறுத்தப்பட்டவள், முதல் பத்தி கீழே நீண்டுகொண்டே போவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்தத் தாள் வெறும் ஆறுதலாக நின்றுவிடவில்லை. தசம எண்களை அவள் ஆறாம் வகுப்பிலேயே முடித்திருந்தாள். மாநிலப் பாடநூலில் அவை ஏழாம் வகுப்பின் இரண்டாம் பருவத்தில் வருகின்றன. ஆகவே அந்த வாரங்களில் கணக்குக்கான நேரத்தைத் தமிழுக்கு மாற்றிக்கொள்ளலாம் என்று அப்போதே குறித்துவைத்தார். மறுபுறம், சமூக அறிவியலில் சங்க காலத்தையும் ஐந்திணைகளையும் இங்குள்ள பிள்ளைகள் ஆறாம் வகுப்பிலேயே விரிவாகப் படித்துவிடுகிறார்கள். அவள் அசோகரை அறிந்த அளவுக்கு மூவேந்தரை அறிந்திருக்கவில்லை. இப்படி எதைத் தாண்டிச் செல்லலாம், எங்கே நின்று நிரப்ப வேண்டும் என்று இரண்டு பாடத்திட்டங்களையும் எதிரெதிரே வைத்துப் பார்க்கும் வேலையைப் பள்ளிகள் செய்வதில்லை. வழக்கமான டியூஷன்களில் எல்லாருக்கும் ஒரே நோட்ஸ் கொடுத்துவிடுகிறார்கள்.

பள்ளிச் சேர்க்கைச் சிக்கலுக்கும் அவரே வழி சொன்னார். 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தின் 5-ஆம் பிரிவு, ஒரு பள்ளியிலிருந்து இன்னொரு பள்ளிக்கு, மாநிலம் விட்டு மாநிலமே ஆனாலும், மாறிச் செல்லும் உரிமையைப் பிள்ளைக்குத் தருகிறது. பழைய பள்ளியின் தலைமையாசிரியர் மாற்றுச் சான்றிதழை உடனே வழங்க வேண்டும் என்றும், அது வரத் தாமதமாவதைக் காரணம் காட்டிப் புதிய பள்ளி சேர்க்கையைத் தள்ளிப்போடவோ மறுக்கவோ கூடாது என்றும் அது சொல்கிறது. அரசுப் பள்ளிகளிலும் அரசு உதவிபெறும் பள்ளிகளிலும் இந்த உரிமையைக் கேட்டுப் பெறலாம். உதவிபெறாத தனியார் பள்ளிகளிடம் இதைக் காட்டி வாதாட முடியாது. நான் தெரியாமல் தனியார் பள்ளி வாசலில் மூன்று வாரம் நின்றிருக்கிறேன். அவர் சொன்னபடி ஓர் அரசு உதவிபெறும் பள்ளிக்குப் போனோம். அதன் ஆங்கிலவழிப் பிரிவில், மாற்றுச் சான்றிதழ் வருவதற்கு முன்பே, மகளை ஏழாம் வகுப்பில் சேர்த்துக்கொண்டார்கள். மகனுக்கும் அருகிலேயே இடம் கிடைத்தது.

இனி ஆசிரியையம்மாவின் தமிழ் வகுப்பு. இதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஊர் திரும்பும் தமிழ்ப் படைவீரர் குடும்பங்கள் பலவற்றின் தலைவலி இதுதான். தமிழ்நாட்டில் 2006-ஆம் ஆண்டின் தமிழ் கற்றல் சட்டம் பத்தாம் வகுப்பு வரை தமிழைப் படிப்படியாகக் கட்டாயப் பாடமாக்கியது; ஆகவே கடலூரில் படிக்கிற பிள்ளை அதைத் தவிர்த்துவிட்டு நகர முடியாது.

அவர் 247 எழுத்துகளின் அட்டவணையைத் தூக்கி அவள் முன் வைக்கவில்லை. முதல் நாள் மூன்றே எழுத்துகள்: ட, ப, ம. மூன்றும் நேர்க்கோடுகளால் எழுதத்தக்கவை. புள்ளி வைப்பதை மட்டும் சேர்த்துச் சொல்லிக்கொடுத்தார். அன்று மாலையே அவள் படம், மடம், பட்டம், மட்டம் என்று படித்தாள். பன்னிரண்டு வயதுப் பிள்ளையை ஒன்றாம் வகுப்புப் புத்தகத்தோடு உட்காரவைத்தால் அது கூசும் என்பதை அவர் அறிந்திருந்தார். அ என்றால் அணில் என்று ஒருநாளும் தொடங்கவில்லை.

அதைவிட நான் வியந்தது, அவளுடைய இந்தியை அவர் பயன்படுத்திக்கொண்ட முறை. இந்தியில் க-வரிசைக்கு ஒலிக்கு ஓர் எழுத்தாக நான்கு உண்டு. தமிழில் ஒரே க, அது நிற்கும் இடத்தைப் பொறுத்து ஒலி மாறுகிறது. கடல், அகம், தங்கம் என்ற மூன்று சொற்களைப் பலகையில் எழுதி, 'நீ பேசும்போது தானாகச் சரியாகச் சொல்கிறாய், உன் காதுக்கு இது முன்பே தெரியும்' என்றார். ெ, ே, ை ஆகிய குறிகள் எழுத்துக்கு முன்னால் வருவது வேற்று மொழிப் பிள்ளைகளைக் குழப்பும். இந்தியில் குறில் இகரக் குறி முன்னால்தானே வருகிறது என்று அதை நினைவூட்டியதும் அவளுக்கு அந்த முடிச்சு அவிழ்ந்துவிட்டது. குறில் எகரமும் ஒகரமும் அவள் அறிந்த எழுத்தில் தனியாக இல்லாததால், கெடு என்பதைக் கேடு என்றும் கொடு என்பதைக் கோடு என்றும் நெடுநாள் எழுதிக்கொண்டிருந்தாள். அதற்கெனத் தனியாக இரண்டு வாரம் ஒதுக்கினார்கள். இந்தியில் முதல் மதிப்பெண் வாங்கியவளுக்கு, அந்த மொழி ஒரு பாடமாகவே இல்லாத பள்ளியில் சேர்ந்தபோது, தன் சொத்தெல்லாம் செல்லாக்காசானது போன்ற ஒரு வருத்தம் இருந்தது. அதே இந்தியை ஏணியாக வைத்து அவளைத் தமிழுக்கு ஏற்றிவிட்டார்கள்.

எழுத்துக்கூட்டிப் படிக்க வந்தபின் இரண்டாவது தடை தெரிந்தது. அவள் அறிந்தது பேச்சுத் தமிழ். புத்தகத்தில் இருப்பது வேறு. 'வந்தாங்க' என்று சொல்லத் தெரியும், 'வந்தார்கள்' என்பதைக் கண்டால் திகைப்பாள். ஆசிரியையம்மா அவளை ஒவ்வொரு நாளும் ஏதேனும் ஒரு நிகழ்ச்சியைச் சொல்லச் சொல்வார். அவள் சொல்வதைச் சொன்னபடியே நோட்டின் இடப்பக்கத்தில் பேச்சுமொழியில் எழுதுவார். பிறகு இருவரும் சேர்ந்து வலப்பக்கத்தில் அதை எழுத்துமொழிக்கு மாற்றுவார்கள். ஜோத்பூரில் மணற்புயல் வந்த நாள், ரயிலில் செருப்பு தொலைந்த கதை, அப்பா லீவில் வந்தபோது மகன் அவரை அடையாளம் தெரியாமல் கதவுக்குப் பின்னால் ஒளிந்தது, எல்லாம் அந்த நோட்டில் இருக்கின்றன. படிச்சாங்க, படித்தார்கள், இருக்குது, இருக்கிறது, போவலை, போகவில்லை. இப்படி 40 பக்கம் ஆனபோது, ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போகும் வழி அவளுக்கே பிடிபட்டுவிட்டது.

திருப்பாதிரிப்புலியூருக்குப் போகும் போதெல்லாம் பேருந்துகளின் நெற்றியில் எழுதியிருப்பதை வாய்விட்டுப் படிப்பது அவள் வழக்கமாயிற்று. பண்ருட்டி எளிதாக வந்தது. விருத்தாசலத்துக்கு இரண்டு பேருந்துகள் கடந்துபோக வேண்டியிருந்தது. நான்காம் மாதத்தில் ஒருநாள், கண் சிகிச்சைக்குப் பின் பொடி எழுத்துப் படிக்கச் சிரமப்பட்டுக்கொண்டிருந்த தாத்தாவுக்கு, அவள் நாளிதழின் முதல் பக்கச் செய்தியைத் தட்டித் தடுமாறி முழுவதும் படித்துக்காட்டினாள். மாமனார் இடையில் ஓரிடத்தில்கூடத் திருத்தவில்லை. அன்றிலிருந்து காலைச் செய்தித்தாள் படிப்பது அவள் வேலை.

மகனின் கதை வேறு. அவனுக்குப் பாடத்தில் சிக்கல் எதுவும் இருக்கவில்லை. ஏழு வயதில் எழுத்து எளிதில் ஒட்டிக்கொள்ளும். அவன் பேசுவதைத்தான் நிறுத்தியிருந்தான். செகந்திராபாத்தில் பக்கத்துக் குவார்ட்டர்ஸ் பையனோடு சேர்ந்தே வளர்ந்தவன். ஒரே மாதத்தில் அந்த நண்பனும் போய், அப்பாவும் போய், தெரியாத ஊரில், தெரியாத வகுப்பில் கடைசி இருக்கையில் உட்கார்ந்தான். மாடி வகுப்பில் அவனைக் கேள்வி கேட்டுத் துளைக்கவில்லை. கடலோரக் காவல்படையில் பணிபுரியும் ஒருவரின் மகன், விசாகப்பட்டினத்திலிருந்து வந்து ஓராண்டு ஆனவன், ஐந்தாம் வகுப்பில் படிப்பவன், அவனிடம் இவனை ஒப்படைத்தார்கள். நோட்டுகளை எடுத்து அடுக்குவது, பலகையைத் துடைப்பது, தண்ணீர்ப் பானையை நிரப்புவது ஆகிய வேலைகளை இருவரும் சேர்ந்து செய்ய வேண்டும். அவ்வளவுதான். ஆறு வாரம் கழித்து, அந்தப் பையனோடு சண்டை போட்டான் என்ற புகார் வந்தபோது எனக்கு ஏற்பட்ட நிம்மதியைச் சொல்ல முடியாது.

இன்னொரு நடைமுறையையும் இங்கே குறிப்பிட வேண்டும். என் கணவர் இருக்கும் இடத்தில் தொலைபேசித் தொடர்பு நினைத்தபோது கிடைக்காது; எப்போது அழைப்பு வரும் என்று சொல்லவும் முடியாது. அந்த வகுப்பில், தந்தையிடமிருந்து அழைப்பு வந்தால் எந்தப் பாடத்தின் நடுவிலும் பிள்ளை எழுந்து கீழே போகலாம். அனுமதி கேட்க வேண்டியதில்லை. திரும்பிவந்ததும் விட்ட இடத்தைப் பக்கத்தில் இருப்பவர் காட்டிக்கொடுக்க வேண்டும். எத்தனையோ நல்ல பள்ளிகள் இருக்கலாம், ஆனால் இந்த ஒரு விதியைச் சீருடை அணிந்து வாழ்ந்தவர்தான் யோசித்து வைத்திருக்க முடியும்.

அடுத்தது கோப்பு. ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு கெட்டி அட்டைக் கோப்பு போட்டுக்கொடுக்கிறார்கள். அதில் பிறப்புச் சான்று, தடுப்பூசி அட்டை, ஒவ்வொரு வகுப்பின் மதிப்பெண் அட்டை, மாற்றுச் சான்றிதழ் நகல்கள், தந்தையின் பணிச் சான்று, அந்த மூன்று பத்தித் தாளின் புதுப்பித்த வடிவம், பிள்ளை தன் கையால் எழுதிய ஒரு பக்கம், எல்லாம் இருக்கும். தந்தையின் பணிச் சான்றில் கடந்த ஏழு ஆண்டுகளில் எத்தனை இடமாற்றங்கள் என்பது இருக்க வேண்டும் என்று வலியுறுத்துகிறார்கள். கேந்திரிய வித்யாலயாச் சேர்க்கையில் முன்னுரிமை அந்த எண்ணிக்கையைப் பொறுத்தது. இந்த யோசனை எங்கிருந்து வந்தது என்று கேட்டபோது, ஹவில்தார் ஐயா அமெரிக்க நடைமுறையைச் சொன்னார். அங்கே படைவீரர் பிள்ளைகளின் கல்விக்கென மாநிலங்களுக்கிடையே ஓர் உடன்படிக்கை 2008-இல் உருவாகி, பின்னர் 50 மாநிலங்களும் அதில் சேர்ந்துவிட்டன. அதன்படி, பழைய பள்ளியின் முறையான பதிவேடுகள் வந்து சேரும்வரை, பெற்றோர் கையோடு கொண்டுவரும் நகலை வைத்தே பிள்ளையை உரிய வகுப்பில் அமர்த்த வேண்டும். விடுபட்ட தடுப்பூசிகளுக்கு 30 நாள் அவகாசம் தர வேண்டும். நம் நாட்டில் மாநிலத்துக்கு மாநிலம் பாடத்திட்டமும் மொழியும் மாறுகிற நிலையில் அத்தகைய ஓர் ஏற்பாட்டின் தேவை இன்னும் கூடுதல் என்பது என் உறுதியான எண்ணம். அது வரும்வரை கையிலிருக்கும் கோப்புதான் நமக்குத் துணை.

குறைகளையும் சொல்லியாக வேண்டும். எட்டாம் வகுப்புக்கு மேல் அவர்களால் அறிவியலும் கணக்கும் நடத்த இயலாது. ஒன்பதாம் வகுப்புக்கு வந்து சேரும் பிள்ளைக்குத் தமிழ் மட்டுமே கிடைக்கும். அந்த வயதில் ஊர் மாறுகிறவர்களுக்குத்தான் நெருக்கடி மிகுதி என்பதால் இது பெரிய குறை. கற்றல் குறைபாடு உள்ள பிள்ளைகளுக்கான பயிற்சி இருவருக்குமே இல்லை. அதை முதல் நாளே வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறார்கள். மாடிப்படி செங்குத்தானது, கழிப்பறை கீழே இருக்கிறது, ஐப்பசி கார்த்திகை மழையில் ஓட்டுக் கொட்டகையின் ஒரு பக்கம் ஒழுகி வகுப்பு அடிக்கடி நின்றுபோகிறது. கையெழுத்து விஷயத்தில் ஆசிரியையம்மா காட்டும் கண்டிப்பு என் மகனுக்குச் சற்று அதிகம் என்றே எனக்குத் தோன்றியது. ஒரே பக்கத்தை மூன்று முறை எழுதச் சொல்வதால் அவன் எழுதவே தயங்கினான். சொன்னபோது கேட்டுக்கொண்டார், ஆனால் முழுவதும் மாற்றிக்கொள்ளவில்லை.

புதுச்சேரியிலிருந்து வருகிறவர்களுக்கு இன்னும் சில இடர்ப்பாடுகள் உண்டு. வகுப்பு மாலை ஐந்தரை முதல் ஏழரை வரை என்பதால், அங்கிருந்து நாள்தோறும் வந்துபோவது நடவாது. இரண்டு பிள்ளைகள் சனிக்கிழமை மட்டும் வருகிறார்கள். புதுச்சேரி அரசுப் பள்ளிகள் தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தை விட்டு மத்திய இடைநிலைக் கல்வி வாரியப் பாடத்திட்டத்துக்கு மாறிவிட்டதை வகுப்பு நடத்துகிறவர்கள் தொடக்கத்தில் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. அவர்களுள் ஒரு பிள்ளைக்கு ஒரு மாதம் வரை பழைய மாநிலப் பாடங்களையே நடத்திவிட்டார்கள். தவறு தெரிந்ததும் அந்த மாதக் கட்டணத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள் என்றாலும், ஒரு மாதம் போனது போனதுதான். புதுச்சேரி படைவீரர் குடும்பங்களுக்குப் புதிய ஊர் அன்று. பிரெஞ்சுப் படையில் இருந்து ஓய்வுபெற்ற 'சொல்தா' குடும்பங்களின் பிள்ளைகள் பிரெஞ்சுக்கும் தமிழுக்கும் இடையே பல தலைமுறைகளாக வளர்ந்த இடம் அது. அங்கேயே இப்படி ஒரு வகுப்பு தனியாக இருக்க வேண்டும்.

கட்டணம் ஒரு பிள்ளைக்கு மாதம் 750 ரூபாய். பணியில் உயிரிழந்தவர்களின் பிள்ளைகளுக்குக் கட்டணம் இல்லை. படைவீரர்களுக்கும் உரிய பிள்ளைகள் கல்விப்படி, மாதம் 2,250 ரூபாயாக இருந்தது, 2024 ஜனவரி 1 முதல் 2,812.50 ரூபாய் ஆகியிருக்கிறது. இரண்டு பிள்ளைகள் வரை கிடைக்கும். செலவுச் சீட்டுகள் எதையும் காட்ட வேண்டியதில்லை, பிள்ளை அந்த ஆண்டு படித்ததற்குப் பள்ளித் தலைவர் தரும் சான்று போதும். ஆகையால் உதவிபெறும் பள்ளியில் படிக்கும் பிள்ளைக்கு இந்த வகுப்பின் கட்டணம் அந்தப் படிக்குள்ளேயே அடங்கிவிடுகிறது. விடுதியில் சேர்ப்பதையும் நாங்கள் யோசிக்காமல் இல்லை. உடுமலை அருகே அமராவதிநகரில் 1962 முதல் இயங்கிவரும் சைனிக் பள்ளியில் இப்போது பெண்பிள்ளைகளையும் சேர்க்கிறார்கள். ஆறாம் வகுப்பிலும் ஒன்பதாம் வகுப்பிலும் நுழைவுத் தேர்வு உண்டு. அடிக்கடி ஊர் மாறும் குடும்பத்துக்கு அது நல்ல வழிதான். அப்பா அருகில் இல்லாத ஆண்டுகளில் அம்மாவும் தம்பியும் இல்லாத இடத்துக்கு அவளை அனுப்ப எனக்கு மனமில்லை, அவளும் விரும்பவில்லை.

சென்ற மாதம் கணவருக்குப் புனேக்கு மாற்றல் உத்தரவு வந்தது. குடும்பத்தோடு வசிக்கக்கூடிய இடம். ஏப்ரலில் கிளம்ப வேண்டும். அங்கே இராணுவப் பொதுப்பள்ளியும் உண்டு, கேந்திரிய வித்யாலயாக்களும் உண்டு. ஆனால் கேந்திரிய வித்யாலயாத் தொடரிலிருந்து ஒருமுறை வெளியே வந்துவிட்டதால், மகள் இப்போது புதிதாகச் சேர்கிறவளாகவே கருதப்படுவாள். ஒன்பதாம் வகுப்பில் அப்படிச் சேர நுழைவுத் தேர்வு எழுதித் தேற வேண்டும். ஆங்கிலம், கணக்கு, அறிவியல், சமூக அறிவியல் ஆகியவற்றோடு இந்தியும் அதில் ஒரு பாடம். கடலூரில் வேறு பள்ளியில் சேர்க்கும் நாளில் இதை நான் நினைத்துப் பார்க்கவில்லை. எல்லைப் பணிக்காலத்தில் ஊர் திரும்பும் மற்றக் குடும்பத்தினர், பிள்ளையின் வகுப்பைக் கணக்கிட்டு இதை முன்கூட்டியே யோசித்துக்கொள்வது நல்லது.

உத்தரவைப் பற்றிச் சொன்ன மறுநாள், ஹவில்தார் ஐயா மகளின் கோப்பைத் திறந்து ஒரு புதிய தாளில் மூன்று பத்திகள் வரைந்தார். இம்முறை இரண்டாவது பத்தியில், பாதி தெரிந்தவற்றுள், முதலாவதாக இந்தி எழுதப்பட்டது. முதல் பத்தியின் முடிவில் 'தமிழ்' என்று எழுதச் சொல்லி எழுதுகோலை அவளிடமே கொடுத்தார். சனிக்கிழமை காலைகளில் அவரே அவளுக்கு இந்தி நடத்துகிறார். மார்ச் இறுதிவரை நடக்கும், அதற்குத் தனிக் கட்டணம் கேட்கவில்லை. எங்கள் இரண்டு இடங்களும் ஏப்ரலில் காலியாகின்றன. சேர விரும்புகிறவர்கள் மதிப்பெண் அட்டையோடு பழைய நோட்டுப் புத்தகங்களையும் மறக்காமல் எடுத்துச் செல்லுங்கள்.